செல்வியின் கைக்கு நேரம் பிடித்த கதை

போன மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடியும் மூடாமலும் கிடந்த நேரத்தில் ஷபானா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற மோட்டார் கம்பெனியில் இப்போது கணக்குப் பிரிவில் இருக்கும் பெண். பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. வாய்த்துடுக்கு அதிகம், வேலையிலும் கெட்டி.

"அங்கிள், தூங்குறீங்களா?"

"இல்லே கண்ணு. தூங்கலாமான்னு பாத்துட்டிருக்கறேன்."

"அப்ப சீக்கிரமாக் கேட்டுடறேன். ஒரு மோட்டாருக்குக் கூலி எவ்வளவு விழுந்துச்சுன்னு வருஷவாரியா ஒரு படம் போடச் சொல்லியிருக்காங்க. எல்லாம் படிக்கட்டு மாதிரி இறங்கிட்டே வருது. நடுவுல ஒரே ஒரு மோட்டார் மட்டும் இறங்க மாட்டேன்னு நிக்குது. டீ உலர்த்துற விசிறிக்குப் போட்ட மோட்டார். யாராவது தப்பா அடிச்சு வச்சிட்டாங்களா?"

"தப்பில்லே. அது அப்படித்தான்."

"ஏன் அங்கிள்?"

"அதைப் போன்ல சொல்ல முடியாது சாமி."

"அப்ப எழுதிக் கொடுங்க. எனக்கும் படிக்க ஏதாவது வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன் பிறகு தூக்கம் எங்கே வந்தது? அதனால்தான் எழுதுகிறேன்.

படிக்கட்டு ஏன் இறங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஒரு மோட்டாரின் அடக்கவிலையில் செம்பும் இரும்பும் ஒரு பங்கு. கைக்கூலி ஒரு பங்கு. கரண்டு, கட்டடம், மேனேஜரின் கார் எல்லாம் சேர்ந்து இன்னொரு பங்கு. நான் சேர்ந்த காலத்தில் அந்தக் கைக்கூலிப் பங்கு நல்ல சதைப்பிடிப்போடு இருந்தது. பிறகு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் ஆட்களின் சம்பளம் ஏறியது, ஆனால் ஒரு மோட்டாருக்கு விழும் கூலி இளைத்துக்கொண்டே போனது. முன்பு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பல பேர் செய்ததை இப்போது யந்திரம் சுற்றித் தள்ளுகிறது, ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறார். இதில் மர்மம் ஒன்றும் கிடையாது.

என் வேலை அந்தக் கூலிக்கு நேரம் அளப்பது. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கடிகாரம் வைத்துப் பார்த்து நிர்ணயம் செய்ய வேண்டும். நிர்ணயித்த நேரத்துக்குள் கூடுதலாகச் செய்து கொடுப்பவர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் ஊக்கத்தொகை கிடைக்கும். ஆபீசில் எனக்கு நீளமான பெயர் வைத்திருந்தார்கள். கம்பெனிக்குள் எல்லோரும் கூப்பிட்டது 'கடியாரக்காரர்' என்றுதான். கோயம்புத்தூரில் டிப்ளமா படித்தது, பயிற்சியாளனாக எண்ணெய்ப் பீப்பாய் உருட்டியது, கையில் கடிகாரம் வந்தது எல்லாம் ஒரே மூச்சில் நடந்து முடிந்த மாதிரிதான் இப்போது தோன்றுகிறது. அதற்கப்புறம் வாழ்நாளெல்லாம் பிறர் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வாளையாறு தாண்டினால் மலை இரண்டாகப் பிரிந்து காற்றுக்கு வழிவிடும் இடம் வரும். அந்தக் காற்று வருகிற பாதையில்தான் கம்பெனி இருந்தது. ஆடி மாதத்தில் தகரக் கூரை நாளெல்லாம் முனகும். வெளியே பனைமரங்கள் ஓலையை அடித்துக்கொண்டே இருக்கும். மோட்டாருக்குள் போகும் செம்புச் சுருளை, அதாவது காயிலை, கட்டும் பிரிவு கிழக்கு ஓரத்தில். செம்புக் கம்பியின் மேல் வெயில் விழுந்தால் அறை முழுக்க ஒரு மஞ்சள் கலந்த சிவப்பு பரவும். வார்னிஷ் அடுப்பிலிருந்து இனிப்பும் கசப்புமாக ஒரு வாசனை வந்துகொண்டே இருக்கும். மதியத்துக்கு மேல் அங்கே எழுதுபலகையோடு நின்றால், கொஞ்ச நேரத்தில் முகங்கள் மறைந்துபோகும். கைகள் மட்டும் மிதக்கும். வளையல் போட்ட கை, பச்சை குத்திய கை, மஞ்சள் கறை படிந்த கை. நின்றுகொண்டே கனவு காண்பதற்குச் சம்பளம் வாங்கிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்தக் கனவுக்காக ராமநாதன் சாரிடம் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். அவர் எங்கள் பிரிவின் தலைவர், பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். "துரைசாமி, நீர் ஸ்வப்னம் கண்டுண்டு நின்னா கடியாரம் உமக்காக நிக்காது, கேட்டீரா" என்பார். குரலை உயர்த்தவே மாட்டார். மழை இல்லாத நாளிலும் குடை கொண்டுவருவார். வேலையாட்களின் அருகில் போகும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். பேனா பிடித்த கையைப் பார்த்தால் மனுஷாளுக்குப் பதற்றம் வரும் என்பது அவர் கட்சி. நேரம் பார்க்கத் தொடங்குவதற்கு முன்னால் அந்த ஆளின் பெயரைக் கேட்பார். நன்றாகத் தெரிந்த ஆளாக இருந்தாலும் மறுபடியும் கேட்பார். நான் கொண்டுபோகும் தாளில் நேரம் முழு எண்ணாக வந்துவிட்டால் போச்சு. "உலகத்துல எந்த வேலையும் இப்படிக் கணக்கா முடியாது. நீர் தூங்கியிருக்கீர், போய்ப் பாத்துண்டு வாரும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

நேரம் பார்ப்பது சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஒரு வேலையை முதலில் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். காயில் பிரிவில் என்றால், மோட்டாரின் இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் பள்ளங்களில் காகிதம் சொருகுவது ஒரு துண்டு. சுற்றிய செம்புக் காயிலை அதற்குள் இறக்குவது ஒரு துண்டு. மூங்கில் சீவலை அடித்து அடைப்பது, நூலால் இறுக்கிக் கட்டுவது என்று இன்னும் இரண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே, பல தடவை பார்க்க வேண்டும். அதன் பிறகு கடிகாரம் காட்டியதை அப்படியே எழுதிவிடக் கூடாது. செய்தவர் சாதாரண வேகத்தில் செய்தாரா, கூடவா, குறைவா என்று பார்த்து ஒரு மதிப்பெண் போட வேண்டும். சாதாரண வேகத்துக்கு நூறு. சோம்பிச் செய்தால் நூற்றுக்குக் கீழே போட்டு நேரத்தைக் குறைப்போம், பறந்து செய்தால் நூற்றுக்கு மேலே போட்டு நேரத்தைக் கூட்டுவோம். மேலே போவதற்கு மட்டும் கம்பெனி ஒரு வரம்பு வைத்திருந்தது. அதைத் தாண்டி எந்த மதிப்பெண்ணையும் ஒப்புக்கொள்ளாது.

காயில் பிரிவில் எல்லோரும் பெண்கள். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார்கள். நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். நேரம் பிடிக்கும் நாளில் யார் உட்கார வேண்டும் என்பதை அந்தப் பிரிவே முடிவு செய்யும். எப்போதும் பொன்னாத்தாதான் உட்காருவாள். காரணம், அவள்தான் மெதுவான கை. நேரம் கூடுதலாக விழுந்தால்தான் எல்லோருக்கும் ஊக்கத்தொகை கைக்கு எட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடிகாரம் இல்லாத நாளில் அந்தப் பிரிவிலேயே வேகமான கை பொன்னாத்தாதான். அது அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ராமநாதன் சாருக்கும் தெரியும். கடிகாரத்தைக் கண்டதும் அவள் கையில் ஒரு பாரம் வந்து இறங்கும். அதில் ஒரு இடத்தில்கூடச் சும்மா இருக்கிறாள் என்று சொல்ல முடியாது. நூல் நுனியை நாக்கில் நனைப்பாள். காகிதத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். கூட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பள்ளத்தில் தூசி இருக்கிறதா என்று ஊதுவாள். நான் மதிப்பெண்ணைக் கொஞ்சம் குறைத்துப் போடுவேன். வேலந்தாவளம் சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரி, அவர்கள் கூட்டிச் சொல்வார்கள், நான் குறைத்துக் கேட்பேன், நடுவில் ஓர் இடத்தில் படியும். வருஷக்கணக்காக யாரும் இதைப் பற்றி வாய் திறந்து பேசியதே இல்லை.

அப்படிப்பட்ட பிரிவுக்கு வந்து சேர்ந்தாள் செல்வி. தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண். எங்கள் மோட்டார்களை மலைக்கு ஏற்றிப் போகும் லாரி டிரைவர் முருகேசன் அவளைக் கண்டு, கட்டிக்கொண்டு, வேலந்தாவளத்துக்கு இறக்கிக் கொண்டுவந்துவிட்டான். முதலில் தற்காலிக வேலைதான். பழகும் காலம் முடிந்ததும், பிரிவின் மூத்தவளைக் கூப்பிட்டு "இந்தப் பொண்ணு ஆகுமா?" என்று கேட்பார்கள். பொன்னாத்தா "ஆகும்" என்றால் நிரந்தரம். வேறு எந்தப் பரீட்சையும் கிடையாது.

செல்விக்கு அந்த வேலை நிரந்தரமாவதில் ஒரு உயிரே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அம்மா இன்னும் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷத்தோடு வேலை முடிகிறது. லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான், அதன் பிறகு சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அப்பா இல்லை. முருகேசன் வீட்டில் இருப்பதோ ஒற்றை அறை. செல்வி நிரந்தரமானால் தனியாக ஒரு வீடு பிடித்து அம்மாவை அழைத்துக்கொள்ளலாம் என்று புருஷன் பெண்டாட்டி இருவரும் பேசி வைத்திருந்தார்கள். இதைப் பிரிவில் எல்லோரிடமும் வெள்ளந்தியாகச் சொல்லியும் வைத்திருந்தாள்.

ஒரு நாள் தேயிலை உலர்த்தும் விசிறிக்கான புது மோட்டாருக்கு நேரம் பிடிக்கப் போனேன். பொன்னாத்தா செம்பு கிழித்த விரலில் துணி சுற்றிக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு நம்மாலாகாதுங்க. இந்தப் புதுப் புள்ளைய உக்காத்தி வெச்சுக்குங்க. இப்பத்தான் பழகறா, அதுக்கென்ன வெசை வரப்போகுது?" என்றாள்.

எனக்கும் சரி என்றுதான் பட்டது. செல்வியின் கையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் சொன்னபடி அவள் எல்லோரையும்போலத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்த பெண்தான். நான் பலகையோடு முன்னால் போய் நின்றேன். அவள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஆரம்பித்தாள்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வது! இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியே ஓடின. ஒரு கை காயிலை இறக்கும்போதே இன்னொரு கை மூங்கில் சீவலோடு காத்திருந்தது. நூலைக் கட்டி, அறுத்து, அறுந்த துண்டைத் தோளுக்குப் பின்னால் வீசினாள். பின்னால் கூடை இல்லை. வெறும் தரைதான். முதுகுக்குப் பின்னால் நூல் துண்டுகள் குவிந்துகொண்டே போயின. நான் வழக்கம்போல் கனவில் இறங்கிவிட்டேன். கம்பெனி மறைந்து, ஒரு மூடுபனிச் சரிவும் அதில் பச்சையைத் தொட்டுத் தொட்டு மீளும் கைகளும் மட்டும் தெரிந்தன. விழித்துக் கடிகாரத்தைப் பார்த்தால், பொன்னாத்தா எடுக்கும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

"இன்னுங் கொஞ்சம் வெரசா முடிச்சிருப்பேன் அண்ணாச்சி. நூலுதான் ஒருக்கச் சிக்கிருச்சு" என்று சிரித்தாள் செல்வி.

யாரும் சிரிக்கவில்லை. பொன்னாத்தா என்னைப் பார்த்தாள். "ஏனுங், இந்தப் புள்ள என்ன பண்ணிப்போட்டுதுன்னு அதுக்குத் தெரியுமுங்களா?" என்றாள். செல்விக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அவள் பிறந்து வளர்ந்த இடத்தில், ஓர் ஆள் முன்னால் வந்து நின்று அளந்தால், அளவு கூடக் கூடக் கைக்காசு கூடும். கொழுந்து நிறுக்கும் தராசுக்காரர் முன்னால் நின்றால் கையை ஓட்ட வேண்டும் என்பது அவள் உடம்பில் ஊறிய பழக்கம். இங்கே அளக்கும் ஆள் முன்னால் கை ஓடினால் எல்லோருக்கும் காசு குறையும். யாருக்கும் யாரும் சொல்லித் தராத வழக்கத்தை அவளுக்கு மட்டும் யார் சொல்லியிருப்பார்கள்?

கம்பெனி வைத்த வரம்பையும் தாண்டி ஒரு மதிப்பெண் போட்டு ராமநாதன் சாரிடம் தாளைக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்படி ஒரு நம்பரை நான் என் சர்வீஸ்ல கண்டதில்லையாக்கும். உமக்கு அந்தப் பொண்ணு மேல பரிதாபமா, இல்லே மறுபடியும் ஸ்வப்னமா?"

"நீங்களே வந்து பாருங்க சார்."

வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "உன் பேரென்னம்மா?" என்று கேட்டார். பெரிய ஆபீசரே வந்து நின்றதும் செல்விக்கு உற்சாகம் தாங்கவில்லை. முதல் தடவையைவிட வேகமாகப் பறந்தாள். பொன்னாத்தா தலையில் அடித்துக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன். சார் வெளியே வந்ததும் வராந்தாத் தூணில் குடையைச் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீர் போட்ட நம்பர் சரி. ஆனா கம்பெனி ஒத்துக்காது. மேல இருக்கறவா கடியாரத்தை மட்டும் பாத்துட்டா. கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனிக்காராளைவிடக் கொறைச்சு விலை போடலாம்னு இப்பவே சந்தோஷம்" என்றார். பிறகு, "சந்தேகம்னு எழுதி இன்னொரு தடவை நேரம் பிடிக்க நான் கேக்கலாம். அதுக்கு நியமம் உண்டு. அதே ஆள், அதே வேலை. ஆளை மாத்தினா கள்ளத்தனம்னு சொல்லுவா" என்றார்.

அதாவது, செல்வியே மறுபடி உட்கார வேண்டும். அவள் மெதுவாகச் செய்தால் பிரிவு பிழைக்கும். இல்லாவிட்டால் அவள் நேரம்தான் எல்லோருக்கும் நேரம். அந்த நேரத்தில் வேறு யாராலும் செய்ய முடியாது, ஒருவர் கைக்கும் ஊக்கத்தொகை எட்டாது.

அதற்குள் பிரிவில் அவளை ஒதுக்கிவிட்டார்கள். மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்து ஒருவர் குழம்பை ஒருவர் ஊற்றிக்கொள்வது அங்கே வழக்கம். செல்வி தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பஸ்ஸில் பக்கத்து இடத்தில் பையை வைத்தார்கள். ஒரு நாள் குழாயடியில் என்னைக் கண்டதும் உடைந்துவிட்டாள்.

"அங்க வெரசா எடுத்தா கெட்டிக்காரிம்பாக அண்ணாச்சி. இங்க பாவியாயிட்டேன். இவுக ஆகாதுன்னு சொல்லிட்டா எங்கம்மா எங்கிட்டுப் போவாக? பேசாம நானே மலைக்குத் திரும்பிரட்டா?"

எனக்கு அந்த நேரத்தில் என் கடிகாரத்தைத் தூக்கி வார்னிஷ் தொட்டியில் போட்டுவிடலாம் போல இருந்தது. நேராகப் பொன்னாத்தாவிடம் போய், சார் மறுநேரம் கேட்டிருப்பதையும் அதே பெண்தான் உட்கார வேண்டும் என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "செரிங்க. பழக்கித்தான் பாக்கோணும். தலையெழுத்து" என்றாள்.

மறுநாளிலிருந்து மதிய இடைவேளையில் பாடம் நடந்தது. நானும் அதில் ஒரு சாமான். "நீங்க சும்மா கடியாரத்தைப் புடிச்சுட்டு நில்லுங்க. உங்க மூஞ்சியப் பாத்தாத்தான இவளுக்குப் பேய் புடிக்குது" என்று பொன்னாத்தா என்னைக் கொண்டுபோய் நிறுத்துவாள். நான் நிற்பேன். செல்வி ஆரம்பிப்பாள். முதல் காயில் மெதுவாக இறங்கும். இரண்டாவதில் நூல் தோளுக்கு மேலே பறக்கும்.

"அம்மிணி! வெசயாச் செய்யறதுக்கு ஆராலயும் ஆகும். மொள்ளமாச் செய்யறதுக்குத்தான் கையி வேணும். ஊது. தொடை. வெளிச்சத்துல பாரு. சும்மாவும் இருக்கப்படாது, ஓடவும் படாது."

"கை கேக்க மாட்டேங்குது யக்கா. ஆளு நின்னா தானா ஓடுது."

"ஓடுனா நீ மட்டும் ஓடு. எங்களையெல்லாம் எதுக்குக் கவுத்துல கட்டி இழுக்கறே?"

பாடம் முடிந்ததும் பொன்னாத்தா எழுந்து வட்டத்துக்குப் போய்விடுவாள். செல்வி குழாயடிக்குப் போவாள். கற்றுக்கொடுத்தாளே தவிர, ஒரு நாளும் சோற்றுக்குக் கூப்பிடவில்லை. கையும் படியவில்லை. மறுநேரம் பிடிக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம்வரை ஒருமுறைகூட அவளால் மெதுவாக முடிக்க முடியவில்லை.

அந்த நாளும் வந்தது. காற்று பலமாக இருந்தது, கூரை முனகியது. ராமநாதன் சார் தானே கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். என்னை எழுதச் சொன்னார். பிரிவில் மற்றவர்கள் தலையைக் குனிந்து அவரவர் வேலையைச் செய்தார்கள். செல்வியின் முகம் வெளிறியிருந்தது. பெயரைக் கேட்டார், சொன்னாள். தொடங்கச் சொன்னார்.

முதல் காயிலே பறந்தது. காகிதம், காயில், மூங்கில், நூல் எல்லாம் ஒரே வீச்சில். நூல் துண்டு பின்னால் போய் விழுந்தது. பொன்னாத்தா தன் மேசையில் கண்ணை மூடிக்கொண்டாள்.

செல்வி நிறுத்தினாள். இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து, அவற்றையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த காயிலை எடுத்தாள்.

அதன் பிறகு நான் பார்த்தது அவள் கைகளை அல்ல என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். விரல்கள் கொஞ்சம் வளைந்தன. மணிக்கட்டு கனத்தது. காயிலைப் பள்ளத்தில் வைத்து, கட்டைவிரலின் பக்கவாட்டால் மெல்ல அழுத்தி, நடுவில் ஒரு கணம் விரலைப் பிரித்து மடக்கி, மறுபடி அழுத்தினாள். அது பொன்னாத்தா சொல்லிக்கொடுத்த மெதுவும் இல்லை. ஊதவில்லை, துடைக்கவில்லை, வெளிச்சத்தில் பார்க்கவில்லை. ஒவ்வொரு அசைவும் வேலைதான், நிதானமான, வலியைத் தெரிந்து வைத்திருக்கிற வேலை. நூலைக் கட்டி, அறுத்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டாள். ஓர் இளம் பெண்ணின் தோளிலிருந்து வயதான கைகள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தன. காற்றின் சத்தம்கூட எனக்குக் கேட்காமல் போய்விட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, "எழுதும் துரைசாமி" என்று சார் மெதுவாகச் சொன்ன பிறகுதான் பேனா நகர்ந்தது.

முடித்துவிட்டுக் கையை மேசை மேல் வைத்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. சார் கடிகாரத்தை நிறுத்தினார். உடனே மதிப்பெண் சொல்லவில்லை. குனிந்து அவளைக் கேட்டார்.

"இது உன்னோட வேகமா அம்மா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். நான் மனசுக்குள் 'ஆமா சார்னு சொல்லு, சொல்லு' என்று துடித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல சார். எங்கம்மா வேகம்."

குனிந்திருந்த தலைகளெல்லாம் நிமிர்ந்தன.

"அம்மா கையி இப்பல்லாம் மெள்ளத்தான் ஓடும் சார். பக்கத்து நெரையில நின்னு சின்னதுலருந்து பாத்த கையிதான். அவுக கூடையும் நெறையணுமேன்னுதான் நான் அம்புட்டு வெரசா எடுக்கப் பழகுனேன். இன்னைக்கு எங் கையி கேக்கல. அதான் அவுக கையை நெனைச்சுக்கிட்டேன்."

"அம்மா இன்னும் வேலைக்குப் போயிண்டிருக்காளா?"

"போறாக சார். அடுத்த வருசத்தோட நிப்பாட்டிருவாக."

சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கம்பி வலைக்கு அப்பால் மலை இருக்கும் திசையைப் பார்த்தார். அன்று மேகத்தில் மலை தெரியவில்லை. திரும்பி என்னிடம் சொன்னார்.

"நூறுன்னு எழுதும்."

"சார்?"

"நூறுங்கறது என்னன்னு நெனைச்சுண்டிருக்கீர்? ஒருத்தி ஆயுசு பூரா, உடம்பு கெட்டுப் போகாம, நித்தியம் வந்து செய்யக்கூடிய வேகம். அந்த அம்மா கடைசி வருஷம் வரைக்கும் செய்யறாளே, அதான் நூறு. அதுக்குக் கீழயும் இல்லே, மேலயும் இல்லே. எழுதும். மேல கேட்டா நான் சொல்லிக்கறேன்."

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். மேலே என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்த மோட்டாருக்கு யந்திரமும் வரவில்லை, மறுபடி யாரும் நேரம் பிடிக்கவும் இல்லை; கடைசிவரை அந்த நேரம்தான், அந்தக் கூலிதான்.

மதிய மணி அடித்தது. பெண்கள் கை கழுவிக்கொண்டு வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். செல்வி தன் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, பழகிப்போன காலோடு குழாயடிப் பக்கம் நடந்தாள். எனக்கு இத்தனைக்கும் பிறகுமா என்று கோபமாக வந்தது.

"ஏ செல்வி!" பொன்னாத்தாவின் குரல். "அங்கெங்க போறே?"

செல்வி திரும்பிப் பார்த்தாள். பொன்னாத்தா பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்து நகரச் சொல்லி, தன்னருகே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் பண்ணினாள்.

"உங்கம்மாளுக்கு எங்க தெருவுல ஒரு ஊடு காலியாகுது. ஞாயித்துக்கெழமை வா, பாக்கலாம். கேக்கறவங்ககிட்ட நான் ஆகும்னு சொல்லிக்கறேன். இப்ப உக்காந்து சோறுண்ணு."

செல்வி நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு வந்து, அந்த இடத்தில் உட்கார்ந்து, போசியைத் திறந்தாள். ஒருத்தி ரசம் ஊற்றினாள், இன்னொருத்தி கீரை வைத்தாள். செல்வி சோற்றைப் பிசைந்துவிட்டு, வாயருகே கொண்டுபோன கையை நிறுத்திப் பொன்னாத்தாவைப் பார்த்தாள்.

"யக்கா, சோத்தையாவது எங்கூரு வேகத்துல திங்கலாமா?"

வட்டமே வெடித்துச் சிரித்தது. பொன்னாத்தாவுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. செல்வியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"தின்னு சாமி, தின்னு. இங்க ஆரும் கடியாரம் புடிக்கலெ."